கல்யாணப் பந்தியில் நான் தேர்ந்தெடுத்த கார்டு

போன மாதம் ஒரு தம்பி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். புதிதாகக் கூடைப்பந்துப் பயிற்றுநர் வேலையில் சேர்ந்தவர். கையில் ஒரு நோட்டு. ஆட்டக்காரன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஓடும் வேகம், எம்பும் உயரம், இருபது முறை எறிந்தால் எத்தனை விழுகிறது என்றெல்லாம் கட்டம் கட்டி எழுதியிருந்தார். பார்க்கவே ஆசையாக இருந்தது. நாலு இடத்துக்கும் ஆள் கிடைத்துவிட்டதாம். பாயிண்ட் கார்டாக யாரைப் போடுவது என்றுதான் தெரியவில்லையாம். எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டார்.

நான் அவருக்கு டீ கொடுத்து, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லி அனுப்பி வைத்தேன். பதில் தெரியாமல் இல்லை. உண்மையைச் சொன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். ஆனால் அவர் போன பிறகு மனசு கேட்கவில்லை. இனிமேல் எனக்கு யாரும் வேலை தரப்போவதும் இல்லை, இருக்கிற வேலையைப் பிடுங்கப்போவதும் இல்லை. ஆகவே விசிலைக் கழுத்தில் புதிதாக மாட்டிக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடுகிறேன். சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறு வருஷம். எனக்கு முப்பது வயசு ஆகவில்லை. ஊரில் நெல் வியாபாரமும் கப்பல் சரக்கும் பார்த்துவந்த ஒரு கம்பெனி, சம்பளம் கொடுத்து ஒரு கூடைப்பந்து அணி வைத்திருந்தது. காலையில் பேருக்குக் கிடங்குப் பக்கம் தலையைக் காட்ட வேண்டும், சாயங்காலம் ஆட வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். பிரெஞ்சுக்காரர்கள் பழக்கிவிட்ட ஆட்டம் என்பதால் ஊரில் அதற்கு பாஸ்கெத் என்றுதான் பெயர். கூடைப்பந்து என்று சொன்னால் எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்பார்கள். எங்கள் ஆடுகளம் கம்பெனியின் நெல் காயும் களம். நெல்லை அள்ளிப் பெருக்கிய பிறகுதான் பந்தைத் தட்ட முடியும். அறுவடைக் காலத்தில் பந்து எம்பும்போது கூடவே நாலு நெல்மணியும் எம்பும்.

கொடி இறங்கியதும் அணியில் முதல் ஐந்து பேரும் போய்விட்டார்கள். பிரெஞ்சுக் குடிமக்களாகவே இருக்க விரும்பிய மூன்று பேர் கப்பலேறினார்கள். மற்ற இரண்டு பேர் புதுச்சேரியில் மாமனார் வீட்டோடு தங்கிவிட்டார்கள். பயிற்றுநரான என்னிடம் மிஞ்சியது இரண்டு பலகை, ஒரு பந்து, அதற்குக் காற்றடிக்கும் பம்பு. முதலாளி நல்ல மனிதர்தான், ஆனால் வியாபாரி. இரண்டு மாதத்தில் புதுச்சேரியிலிருந்து ஒரு கம்பெனி அணி ஆட வருகிறது, அதற்குள் மானம் போகாத அளவுக்கு ஒரு அணியைத் தேற்று என்றார். தேறாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன். சாயங்காலமும் நெல்லு காஞ்சுட்டுப் போவுது" என்றார்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன். கோட்டுச்சேரியில் ஒரு அண்ணன் தம்பி கிடைத்தார்கள். கடற்கரைப் பக்கம் ஒரு நெட்டையன் கிடைத்தான். அவன் கையைத் தூக்கினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. அம்பகரத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோக ஒருவன் சம்மதித்தான். நாலு இடம் நிரம்பிவிட்டது. நீங்கள் இன்று பாயிண்ட் கார்டு என்று சொல்லும் ஆளுக்கு அன்று எங்களிடம் தனிப் பெயர் கிடையாது. பந்தை மேலே கொண்டுபோகிறவன் என்போம். பின்னாலிருந்து பந்தைக் கொண்டுபோய், மற்ற நாலு பேரையும் ஆடவைக்க வேண்டியவன். அந்த இடத்துக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒருவன் ஜக்கரியா. டவுனில் மரைக்காயர் வீட்டுப் பிள்ளை, பத்தொன்பது வயசு. பந்து அவன் கைக்கு வந்துவிட்டால் பிரியவே பிரியாது. வலது கையில் தட்டுகிறான் என்று நாம் நினைப்பதற்குள் இடது கையில் இருக்கும். களத்துக்கு வெளியே நெல் அள்ளும் பெண்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் பந்தை விட மாட்டான். மூன்று பேர் சூழ்ந்தாலும் தானே நுழைந்து பார்ப்பான். கோட்டுச்சேரி அண்ணன் தம்பி இரண்டு பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

இன்னொருவன் வைத்தியலிங்கம். சுரக்குடியில் விவசாயக் குடும்பம். மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தர் வேலை பார்த்தான். பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் அந்தக் கட்டடத்துக்கு அந்தப் பெயர்தான். அமைதியான பையன். ஆட்டத்தில் பெரிய சாமர்த்தியம் கிடையாது, தப்பும் கிடையாது. பந்தைக் கேட்டால் கொடுப்பான், கேட்காவிட்டாலும் கொடுப்பான்.

முதல் ஐந்து பேருக்குத்தான் கம்பெனி சம்பளம். மற்றவர்களுக்கு பன்னும் டீயும் ஒரு பனியனும். இதில்தான் சிக்கல். ஜக்கரியாவின் சித்தப்பாவுக்கு, அவன் சாச்சா என்பான், சிங்கப்பூரில் கடை இருந்தது. சம்பளத்தோடு ஒரு வேலை கிடைத்தால் ஊரில் இரு, இல்லாவிட்டால் அடுத்த கப்பலில் ஏறிச் சாச்சா கடைக்குப் போ என்று அவன் வாப்பா சொல்லியிருந்தார். இதை ஜக்கரியாவே என்னிடம் ஒரு நாள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே, கெஞ்சாமல், செய்தி மாதிரி சொன்னான். சிங்கப்பூருக்குப் போனால் நாலைந்து வருஷத்துக்குத் திரும்பி வர முடியாது. அங்கே கடையில் உட்கார்ந்தவன் எவனும் திரும்பி வந்து பந்தைத் தொட்டதில்லை. வைத்தியலிங்கத்துக்கு அந்தக் கவலை இல்லை, மேரி வேலை இருந்தது. ஆகவே நான் யாரைத் தேர்ந்தெடுக்கிறேன் என்பது ஆட்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை. எனக்கு அது நன்றாகவே தெரியும். தெரிந்ததால் இன்னும் கறாராக இருக்க வேண்டும், இரக்கப்பட்டு அணியைக் கெடுத்துவிடக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். இளவயசில் கறாராக இருப்பது ஒரு பெருமை.

மூன்று வாரம் பார்த்தும் முடிவெடுக்க முடியவில்லை. அப்போதுதான் ஜக்கரியாவின் ராத்தாவுக்கு, அதாவது அக்காவுக்கு, கல்யாணம் வந்தது. அணி முழுவதையும் சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். வைத்தியலிங்கம் ஒத்தாசைக்கென்று காலையிலேயே போய்விட்டான். மற்றவர்களைத் திரட்டிக்கொண்டு நான் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீட்டு விருந்தில் தனித்தனி இலை கிடையாது. சஹன் என்று ஒரு பெரிய வட்டத் தட்டு. அதில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே கறியை வைத்து, நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிட வேண்டும். எங்கள் பிள்ளைகள் நெருக்கிக்கொண்டு ஐந்து பேராக ஒரு சஹனில் உட்கார்ந்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த ஜக்கரியாவையும் நான்தான் கையைப் பிடித்து இழுத்து அந்த ஐந்தில் ஒருவனாக உட்காரவைத்தேன். பக்கத்துச் சஹனில் நானும் அம்பகரத்தூர்ப் பையனும் இன்னும் இரண்டு விருந்தாளிகளும்.

சாப்பிட்டுக்கொண்டே எதேச்சையாகத் திரும்பினேன். வைத்தியலிங்கம் தன் பக்கத்துக் கறித்துண்டை எடுத்து நெட்டையன் பக்கம் வைத்தான். அடுத்த துண்டு அண்ணனுக்கு. அதற்கடுத்தது தம்பிக்கு. பெரிய துண்டாகப் பார்த்து ஜக்கரியாவுக்கு. தான் ஒன்றுகூட எடுக்கவில்லை. அன்னாசிப் பச்சடியைத் தொட்டுக்கொண்டு ஓரத்துச் சோற்றைச் சாப்பிட்டான். ஜக்கரியாவைப் பார்த்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. எதிரில் யார் இருக்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அவன் பாட்டுக்கு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். வைத்தியலிங்கம் தள்ளிவிட்ட துண்டுகளில் பாதி அவன் வாய்க்குத்தான் போயிற்று.

எனக்குப் பொறி தட்டியது. எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய சிப்பாய். ஒரு ஆளைப் பற்றித் தெரிய வேண்டுமானால் அவன் சாப்பிடும்போது பார் என்று ஒரு தடவை சொல்லியிருந்தார். அவர் சொன்னது பட்டாளத்தில் ரொட்டி திருடியவனைப் பிடித்த கதையில். அந்தச் சில்லறை விவரமெல்லாம் எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. ஒரே தட்டு, சுற்றி ஐந்து பேர், நடுவில் எல்லோருக்கும் வேண்டிய பொருள். தான் எடுக்காமல் மற்ற நாலு பேருக்கும் எவன் கொடுக்கிறான்? மூன்று வாரமாகக் களத்தில் தேடியது பந்தியில் கிடைத்துவிட்டதென்று பூரித்துப்போனேன். அன்றைக்கு அந்த நெய்ச்சோறு எனக்குக் கூடுதலாகவே ருசித்தது.

திங்கட்கிழமை முதல் ஐந்து பேரை அறிவித்தேன். வைத்தியலிங்கம் பேரைச் சொன்னதும் ஜக்கரியா என்னை ஒரு நிமிஷம் பார்த்தான். சரிங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டு, வழக்கம்போல் மிச்ச நெல்லைக் கூட்டித் தள்ளினான். கூட்டிய இடத்தையே அவன் மறுபடியும் கூட்டியதை நான் பார்த்தேன். பார்த்தும் மனசைக் கல்லாக்கிக்கொண்டேன். அதோடு விட்டேனா? டீக்கடையிலும், சவரக்கடையிலும், முதலாளியின் கிடங்கிலும் என் சஹன் சித்தாந்தத்தை ஒரு வாரம் பிரசங்கம் செய்தேன். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. கிடங்குக்கு ஆள் எடுப்பதற்கும் இப்படி ஒரு விருந்து வைக்கலாமா என்று யோசித்தார்.

புதுச்சேரிக்காரர்கள் வருவதற்கு முன்னால் ஒரு ஒத்திகைக்காகத் தஞ்சாவூரிலிருந்து ஒரு அணியை வரவழைத்தேன். அந்த ஆட்டத்தை நினைத்தால் இப்போதும் வியர்க்கிறது. வைத்தியலிங்கம் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே இருந்தான். முதலில் நெட்டையனுக்கு, அப்புறம் அண்ணனுக்கு, அப்புறம் தம்பிக்கு, பிறகு அம்பகரத்தூருக்கு. மறுபடியும் நெட்டையனுக்கு. நெட்டையன் முதுகில் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்தாலும் அவன் முறை வந்துவிட்டால் பந்து அவனுக்குத்தான். இந்த வரிசையைக் கால்மணி நேரத்தில் தஞ்சாவூர்க்காரர்கள் மனப்பாடம் செய்துவிட்டார்கள். பந்து போகவேண்டிய இடத்தில் அதற்கு முன்பாகவே போய் நின்றார்கள். எவ்வளவு வித்தியாசத்தில் தோற்றோம் என்று சொல்ல மாட்டேன். பலகையில் எழுதிக்கொண்டிருந்தவரே பாதியில் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

எல்லோரும் போன பிறகு வைத்தியலிங்கம் களத்து ஓரத்தில் ஷூவைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். தேற்றலாம் என்று பக்கத்தில் போனேன். அவன் என்னைத் தேற்ற வேண்டியிருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. பந்தியில் கறித்துண்டு கொடுத்ததைப் பார்த்துத்தான் என்னை எடுத்தீர்களாம், டீக்கடையில் ஒருவர் இன்றைக்குத்தான் சொன்னார், நிஜமா என்று கேட்டான். நிஜம்தான் என்று பெருமையோடு சொன்னேன்.

"சார், அன்னிக்கி சனிக்கெழமைங்க" என்றான்.

எனக்குப் புரியவில்லை.

"சின்னதுல எனக்கு உடம்பு முடியாமப் போயி, எங்கம்மா திருநள்ளாத்துல வேண்டிக்கிட்டாங்க. சனிக்கெழமைன்னா நான் கறி திங்கிறதில்ல. விருந்துல போயி வேணாம்னா அந்த வீட்டுக்காரங்க மனசு சங்கடப்படும்னு எம்பக்கம் இருந்தத அவங்கவங்க பக்கம் தள்ளுனேன். வேற எங்கங்க சார் தள்ளுறது?"

தம்பிகளே, திருநள்ளாற்றுக்கு நாலு மைல் தள்ளிப் பிறந்து, சனிக்கிழமைதோறும் ஊரே நல்லெண்ணெய் வாசனை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எனக்கே அது தோன்றவில்லை. பக்கத்தில் ஏதாவது குழி இருந்தால் இறங்கியிருப்பேன். ஆனால் அந்தப் பையன் அதோடு விடவில்லை.

"அன்னிக்கி நீங்க பாத்தது பத்து நிமிஷங்க சார். அதுக்கு முன்னாடி நாலு மணி நேரம் ஜக்கரியா ஒருத்தன்தான் அந்தப் பந்திய நடத்துனான். பச்சத்தண்ணி குடிக்கல. உக்காந்ததும் பசியில தின்னான்."

பிறகு விவரமாகச் சொன்னான். ஒரே நேரத்தில் முப்பது சஹன் ஓடியிருக்கிறது. எந்தச் சஹனில் சோறு குறைகிறது என்று அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்னால் ஜக்கரியாவுக்குத் தெரிந்துவிடுமாம். பல் போன பெரியவருக்குப் பஞ்சுபோன்ற கறியாகப் பார்த்து அனுப்பினானாம். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு மச்சான்களைப் பந்தலின் இரண்டு கோடியில் உட்காரவைத்தது அவன்தானாம். தன் வீட்டு ஆட்கள் கையை நீட்டி நீட்டிக் கேட்டபோது, கொஞ்சம் பொறுங்க என்று கண்ணாலேயே சொல்லிவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு முதலில் அனுப்பினானாம். ஒரு தடவைகூடக் குரல் உயரவில்லையாம்.

அப்படியானால் களத்தில் ஏன் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகிறான் என்று நான் கொஞ்சம் எரிச்சலோடு கேட்டேன்.

"நீங்க நிக்கிறப்பதாங்க சார் அப்படி ஆடுறான். தன்னோட வேலை உங்க கண்ணுல படலன்னா கப்பல் ஏறணுமேன்னு பயம். நீங்க இல்லாதப்ப நாங்க ஆடுறத நீங்க பாத்ததே இல்லியே."

மறுநாள் நான் ஒரு காரியம் செய்தேன். முதலாளியைப் பார்க்கப் போகிறேன், வர நேரமாகும், நீங்களே ஆடிக்கொண்டிருங்கள் என்று சொல்லிவிட்டு, கிடங்கின் பின்வாசல் வழியாக உள்ளே போய், நெல் மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். முதலில் சட்டைக்குள் சுணை ஏறியது. அதன் பிறகு எனக்கு அரிப்பும் மறந்துபோயிற்று. ஜக்கரியா சிரித்துக்கொண்டே ஆடினான். பந்து அவன் கையில் இரண்டு மூச்சுக்கு மேல் நிற்கவில்லை. நெட்டையன் ஆரம்பத்தில் இரண்டு தடவை பந்தைத் தொடாவிட்டால் முகத்தைத் தூக்கிக்கொள்வான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. தம்பிக்காரன் பந்தைக் கேட்டுக் கத்தும்போதெல்லாம் அவன் எதிராளி மறித்த இடத்தில் நிற்கிறான், வாயை மூடிக்கொண்டு ஓடும்போதுதான் அவனுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக அவர்களுக்குப் பயிற்சி கொடுத்த எனக்கு இரண்டுமே தெரியாது. அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. ஒன்றல்ல, ஐந்தாறு. வெளியே ஆட்டம் நின்றது. நான் நெல் அளவு சரிபார்க்க வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் நம்பவில்லை.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நாம் நோட்டும் விசிலுமாக நின்றால் நம் எதிரில் ஆடுவது ஆட்டக்காரன் இல்லை, பரீட்சை எழுதுகிற பையன். ஒருவனைத் தன்னலக்காரன் என்று நாம் எழுதும்போது, அந்தப் பயத்தை அவனுக்குள் வைத்தது நாமாக இருக்கலாம். கேட்டவனுக்கெல்லாம் வரிசையாகக் கொடுப்பவன் நல்ல பிள்ளை, சந்தேகமே இல்லை. ஆனால் பாயிண்ட் கார்டு அவன் இல்லை. இன்னொன்று, பத்து நிமிஷம் பார்த்ததை வைத்து நான் ஒரு சித்தாந்தமே கட்டினேன். அந்தச் சித்தாந்தம் என்னுடையது என்ற ஒரே காரணத்துக்காக அதன்மேல் எனக்கு அவ்வளவு ஆசை. சொன்ன வார்த்தையை மாற்றினால் ஊர் சிரிக்கும் என்ற வெட்கம் வேறு. அந்த வெட்கத்தை விழுங்க எனக்கு ஒரு ராத்திரி பிடித்தது. உங்களில் யாருக்காவது அது வந்தால் ஒரு மணி நேரத்தில் விழுங்கிவிடுங்கள், உடம்புக்கு நல்லது.

காலையில் நேரே மரைக்காயர் வீட்டுக்குப் போனேன். ஜக்கரியாவின் வாப்பா வாசலில் நின்று ஒரு தகரப் பெட்டிக்குப் பெயர் எழுதவைத்துக்கொண்டிருந்தார். பெட்டியைப் பார்த்ததும் சைக்கிளைச் சுவரில்கூடச் சாய்க்காமல் விஷயத்துக்கு வந்தேன். தப்பு என்னுடையது, உங்கள் மகன்தான் அந்த இடத்துக்கு ஆள், புதுச்சேரி ஆட்டம் முடியும்வரை பொறுங்கள் என்று கேட்டேன். அவர் ரொம்ப மரியாதைப்பட்ட மனிதர். என்னை உட்காரச் சொல்லி, பசியாற வைத்துவிட்டு, பொறுமையாகச் சொன்னார்.

"பொறுக்குறேன் வாத்தியாரே. ஆனா நானும் வந்து பாப்பேன். அவன் அங்க நிக்கிறதுக்கு ஒரு பெறுமானம் இருக்கணும். இல்லேன்னா அனுப்பிருவேன், கோவிச்சுக்கக் கூடாது."

முதலாளியிடம் என் சித்தாந்தத்தை நானே வாபஸ் வாங்கினேன். சனிக்கிழமை விவரத்தைக் கேட்டு அவர் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிவிட்டது. வைத்தியலிங்கம் தானாகவே முன்வந்து, நான் மாற்று ஆளாக இருக்கிறேன், எனக்கு பன் பிடிக்கும் என்றான்.

ஆட்டத்தன்று களத்தைச் சுற்றிலும் கூட்டம். புதுச்சேரிக்காரர்களில் இரண்டு பேர் எங்கள் பழைய ஆட்கள், அந்த மாமனார் வீட்டு மாப்பிள்ளைகள். மரைக்காயர் முதல் வரிசையில் நாற்காலி போட்டு, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தார். ஜக்கரியா அவரைப் பார்த்தான், முகம் வெளுத்துவிட்டது. அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இந்த இடம் உன்னுது. இன்னிக்கி ஜெயிச்சாலும் உன்னுது, தோத்தாலும் உன்னுது. நீ யாருக்கும் எதுவும் காட்ட வேணாம். உள்ள போயி அந்த நாலு பேரையும் கவனி" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு எந்த அதிகாரமும் இல்லை. முதலாளி சம்மதிப்பாரா, அவன் வாப்பா சம்மதிப்பாரா, எதுவும் தெரியாது. ஆனால் மனசாரச் சொன்னேன். அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான்.

என் வாழ்நாளில் எத்தனையோ ஆட்டம் பார்த்துவிட்டேன். அன்றைக்குச் சந்தோஷப்பட்ட மாதிரி அதற்கப்புறம் பட்டதில்லை. நெட்டையனுக்கு முதல் இரண்டு பந்து. முகம் மலர்ந்துவிட்டது, அதன் பிறகு அவன் தன் பக்கம் ஒருவரையும் அண்டவிடவில்லை. தம்பிக்காரன் கேட்டபோதெல்லாம் பந்து வரவில்லை. அலுத்துப்போய் அவன் வாயை மூடிக்கொண்டு ஓடிய முதல் தடவையே பந்து அவன் கையில் இருந்தது. போட்டுவிட்டு, இது எப்படி வந்தது என்று கையையே பார்த்தான். கடைசி நேரத்தில் இரண்டு அணியும் சமமாக நின்றன. ஜக்கரியா பந்தோடு நடுவில் நுழைந்தான். மூன்று பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். பழைய ஜக்கரியாவாக இருந்தால் அங்கேயே சிக்கியிருப்பான். இவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்பக்கமாகப் பந்தை விட்டான். அங்கே அன்று முழுவதும் பந்தே கேட்காத அம்பகரத்தூர்ப் பையன் தனியாக நின்றிருந்தான். நிதானமாகப் போட்டான். ஜெயித்தோம். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு களத்துக்குள் ஓடிவந்தார்.

நான் நேரே மரைக்காயரிடம் போனேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது.

"வாத்தியாரே, எல்லாப் புள்ளைங்களும் போட்டுச்சு. இவன் ஒண்ணுகூடப் போடலியே" என்றார். "கைக்கு வந்ததையெல்லாம் அடுத்தவன்கிட்ட குடுத்துட்டு நிக்கிறான். வியாபாரத்துல இப்படி இருந்தா கடை என்ன ஆவுறது? நீங்க நல்ல மனுஷன், எனக்காகச் சொல்லாதீங்க. அவன் சாச்சாகிட்டயே போவட்டும்."

அவன் எவ்வளவு நன்றாக ஆடினானோ அவ்வளவுக்கு அவன் வாப்பா கண்ணில் தரித்திரமாகத் தெரிந்திருக்கிறான். எங்கே தொடங்கிச் சொல்வது? அதற்குள் புதுச்சேரி அணியின் மேலாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். தோற்ற கோபம் முகத்தில் இல்லை, ஒரு அவசரம்தான் இருந்தது. பந்தை மேலே கொண்டுபோன அந்தப் பையனின் தகப்பனார் நீங்கள்தானா என்று மரைக்காயரிடம் கேட்டார். மரைக்காயர் மன்னிப்புக் கேட்கிற தோரணையில் ஆமாம் என்றார்.

"பையன எங்க கம்பெனிக்கு அனுப்புவீங்களா? இங்க என்ன குடுக்குறாங்களோ அதுக்கு மேல நாங்க குடுக்குறோம். தங்க வீடும் பாத்துத் தர்றோம். அந்த மாதிரி ஒருத்தன் எங்ககிட்ட இல்லீங்க."

மரைக்காயர் மெதுவாக எழுந்தார். நாற்பது வருஷம் கடல் தாண்டி வியாபாரம் செய்த மனிதர். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வந்தவரை ஏற இறங்கப் பார்த்தார். தொங்கிப்போயிருந்த முகம் அந்த ஒரு நிமிஷத்தில் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

"குடுக்குறதுக்கு இல்லீங்க" என்றார். "அவன் வேற எங்கயும் போறதா இல்ல. ஊர்லதான் இருப்பான்."

மேலாளர் இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துவிட்டுப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரைக்காயர் அக்கம்பக்கம் யாரும் கேட்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, என் முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய், குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்ப சொல்லுங்க வாத்தியாரே. அவன் அப்படி என்னதான் செஞ்சான்?"

சொல்ல ஆரம்பித்தேன். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை சொல்லிக்கொண்டிருந்தேன்.